பட்டறை உதவியாளர்

சான் ரோமான் வளாகம்
12 ஜனவரி 2009

பெறுநர்: முனைவர் எமெத்தேரியோ டகூனோ, துணைத் தலைவர் (திட்டம்), தலாகன் மாநிலப் பல்கலைக்கழகம், முதன்மை வளாகம், சாந்தா பிரிகிதா
வழி: துறைத் தலைவர், இயந்திரத் தொழில்
வழி: இயக்குநர், சான் ரோமான் வளாகம்
அனுப்புநர்: ஃபெலிசா டகூனோ
பொருள்: நான் யார் என்று தெரிவிக்கக் கோருதல்

ஐயா,

அங்கீகார ஆய்வாளர்கள் பார்வைக்காகத் தயாரான கோப்பில் கையொப்பமிடும்படி சென்ற வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்டார்கள். எங்கள் துறைத் தலைவர், "படிக்கல்லாம் வேணாம் மேடம், கையெழுத்த மட்டும் போடுங்க, ஜீப்பு காத்துக்கிட்டு நிக்குது" என்றார். அளந்து பார்க்காமல் நான் எதிலும் கை வைத்ததில்லை. உட்கார்ந்து படித்தேன்.

பக்கம் 214. 'லேத் இயக்கமும் மரை வெட்டுதலும். ஆசிரியர்: முனைவர் எமெத்தேரியோ டகூனோ. பட்டறை உதவியாளர்: ஃபெலிசா டகூனோ.'

இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வகுப்பை எடுப்பது நான். தாங்கள் ஒரு நாள்கூட எடுத்ததில்லை. இந்த ஊர் லேத் பக்கத்தில் தாங்கள் கடைசியாக நின்றது, புதுக் கூரைக்கு ரிப்பன் வெட்ட வந்தபோது.

ஆகவே எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். நான் ஆசிரியரா, உதவியாளரா? ஆசிரியர் என்றால் கோப்பைத் திருத்துங்கள். உதவியாளர் என்றால், இத்தனை வருடமும் இந்தப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத் தந்தவர் யார் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அவரைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஃபெலிசா டகூனோ

பி.கு.: அண்ணா, நீ போன் செய்தால் நான் எடுக்க மாட்டேன். போனில் நீ தேனாகப் பேசுவாய். தாளில் பேசு.

முதல் மேலொப்பம், 13 ஜனவரி: பார்த்து மேலே அனுப்பப்படுகிறது. — துறைத் தலைவர்

இரண்டாம் மேலொப்பம், 14 ஜனவரி: பார்த்து மேலே அனுப்பப்படுகிறது. பின்குறிப்பு படிக்கப்படவில்லை. — வளாக இயக்குநர்

*

சாந்தா பிரிகிதா
16 ஜனவரி 2009

இசா,

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? ஒரு வார்த்தை என்னிடம் நேரில் கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு 'வழி', 'வழி' என்று போட்டு அனுப்பியிருக்கிறாய். என் மேசைக்கு வருவதற்குள் அதை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் தெரியுமா? இங்கே தபால் பிரிக்கும் பெண் காலையில் என்னைப் பார்த்து, "சார், தங்கச்சி நல்லா இருக்காங்களா" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். இந்தக் கடிதத்தை ஒட்டி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீயும் இனி அப்படியே அனுப்பு.

விஷயத்தைக் கேள். ஆய்வாளர்கள் பிப்ரவரி பதினெட்டாம் தேதி வருகிறார்கள். பட்ட வகுப்பில் பாடம் எடுப்பவருக்கு முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும். உன்னிடம் இருப்பது தொழிற்பள்ளிச் சான்றிதழ் ஒன்றுதான். உன் பெயரை ஆசிரியர் என்று போட்டால் அந்தப் பாடப்பிரிவு தோற்கும். தோற்றால் மூடுவார்கள். மூடினால் பட்டறைக்குப் பூட்டு. நீ வீட்டில் உட்கார்ந்து கோழிக்குத் தீனி போட வேண்டியதுதான். என்னிடம் முனைவர் பட்டமும் இருக்கிறது, சான் ரோமான் தொழிற்பள்ளி டிப்ளமாவும் இருக்கிறது. இரண்டும் உள்ள ஆள் ஐந்து வளாகத்திலும் நான் ஒருவன்தான். அதனால் என் பெயரைப் போட்டேன். உன்னைக் காப்பாற்றத்தான் போட்டேன்.

தாளில் மட்டும்தான் இப்படி. வகுப்பு வழக்கம்போல உன்னுடையதுதான்.

நாற்பத்தெட்டில் அமெரிக்கக் கடற்படை விட்டுப்போன தகரக் கொட்டகையும் மூன்று லேத்தும்தான் உன் சான் ரோமான் பள்ளிக்கூடம். எண்பத்து மூன்றில் அது தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. இரண்டு வருடத்துக்கு முன் அதோடு பலுவர்தே மீன்வளப் பள்ளி, மலையோர வேளாண் பள்ளி, ஒரு வணிகப் பள்ளி, இங்குள்ள ஆசிரியர் கல்லூரி எல்லாவற்றையும் சேர்த்துச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகம் ஆக்கினோம். அந்த ஒரு சட்டத்துக்காக மணிலாவில் எத்தனை வராந்தாவில் காத்துக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஐந்து வளாகமும் இந்த ஆய்வில் தேற வேண்டும். ஒன்று தோற்றாலும் பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும்.

கோப்பில் கையெழுத்துப் போடு. பிறகு சண்டை போடலாம்.

டெரியோ

*

சான் ரோமான்
20 ஜனவரி 2009

அண்ணா,

நீ சொன்னபடி ஒட்டித்தான் அனுப்புகிறேன். உனக்காக இல்லை. இதில் எழுதப்போவதைத் துறைத் தலைவர் படித்தால் எனக்கும் வெட்கம்.

என்னைக் காப்பாற்றினாயாம். காப்பாற்றுகிறவன் முதலில் வந்து சொல்ல மாட்டானா? 'இசா, இப்படி ஒரு சிக்கல், இப்படி எழுதப் போகிறேன், சம்மதமா' என்று கேட்டிருந்தால் நான் என்ன, கடித்தா தின்றிருப்பேன்? நீ கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. ஏனென்றால் இது உனக்குப் பழக்கம்.

1976 மார்ச் மாதம் ஞாபகம் இருக்கிறதா? கடைசி ஆண்டுப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் படகு எஞ்சின் தண்டுகளை இணைக்கும் ஒரு கப்ளிங் கடைந்து, மரை வெட்டி, தன் எண்ணைக் குத்திக் கொடுக்க வேண்டும். நீ மூன்று வாரமாக லேத் பக்கமே போகவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் அப்பா கதவைத் திறந்துவிட, பதினைந்து வயதில் நான்தான் அதைக் கடைந்தேன். மூன்று மத்தியானம். நீ ஜன்னல் பக்கம் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்த்தாய். முடித்துக் கையில் கொடுத்தபோது உன் எண் நாற்பத்தொன்றைக் குத்தினாய். அந்தத் துண்டை வைத்துத்தான் முதல் மாணவன் ஆனாய். அதை வைத்துத்தான் மணிலா உபகாரச் சம்பளம் கிடைத்தது.

இப்போது அது முதன்மை வளாகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, 'நமது துணைத் தலைவரின் மாணவப் பருவக் கைவேலை' என்று கீழே எழுதி. போன கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தபோது பார்த்தேன். நீ பக்கத்தில் நின்று விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாய். பன்சித் நூடுல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவது எனக்கு வராது.

அதற்காக நான் ஒரு நாளும் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. நீ படித்து மேலே வந்தால் சரி என்று இருந்தேன். பிறகு நானே அந்தப் பள்ளியில் சேர்ந்தேன், லேத் பிரிவின் முதல் பெண். என் வகுப்பு என்று ஒன்று கிடைத்தது. இப்போது அதையும் உன் பெயரில் எழுதிக்கொண்டாய்.

இன்னொன்று. அப்பா முப்பது வருடம் பட்டறை உதவியாளராகத்தான் இருந்தார். கூட்டினார், எண்ணெய் போட்டார், சாவிக்கொத்தை வைத்துக்கொண்டார். அந்த வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் அது அவர் வேலை. என் வேலை வேறு.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிள்ளைகளுக்காக. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

இசா

*

சாந்தா பிரிகிதா
24 ஜனவரி 2009

இசா,

கையெழுத்துக்கு நன்றி. மீதியைப் படிக்காத மாதிரி இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

நான் ஏன் லேத் பக்கம் போகவில்லை என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? அந்த பிப்ரவரியில் என்கூடப் படித்த பெலாயோவின் தாடை உடைந்தது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கில், இறுக்கும் சாவியை எடுக்காமல் யாரோ விட்டிருந்தார்கள். அவன் சுவிட்சைப் போட்டான், சாவி பறந்து வந்து முகத்தில் அடித்தது. இரண்டடி தள்ளி நின்றவன் நான். பல் தரையில் உருண்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தச் சுவிட்சைத் தொட என் கை எழவில்லை. பயந்தேன். போதுமா? ஐம்பத்திரண்டு வயதில் தங்கச்சியிடம் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக நான் சும்மா மேலே வந்துவிட்டேன் என்று பேசாதே. துண்டு நீ கடைந்தது. மணிலாவில் நாலு வருடம் படித்தது நான்.

ஆய்வு முடியட்டும். முடிவு வந்த மறுநாளே உன் பெயரைச் சரிசெய்கிறேன். சத்தியம். ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இரு.

டெரியோ

*

சான் ரோமான்
23 பிப்ரவரி 2009

அண்ணா,

புதன்கிழமை நடந்ததை நீ இந்நேரம் மறக்க ஆரம்பித்திருப்பாய். அதனால் எழுதி வைக்கிறேன்.

வாசலில் ஆளுநர் முகம் போட்ட பேனர். பூந்தொட்டிகள் வரிசையாக. முந்தின நாள் அந்தத் தொட்டிகள் பலுவர்தேவில் இருந்ததாம். நூலகத்தில் புதுசாக வந்திறங்கிய புத்தகங்களும் அங்கிருந்துதான். ஒன்றைத் திறந்தேன், மீன்வளப் பள்ளி முத்திரை இருந்தது. மறுநாள் எல்லாம் ஜீப்பில் ஏறி மலையோர வளாகத்துக்குப் போய்விட்டன. இதுதான் ஐந்து வளாகப் பல்கலைக்கழகம். தொட்டி ஒரு செட், புத்தகம் ஒரு செட், ஆசிரியர் ஒருவர்.

மூன்று ஆய்வாளர்களும் லெச்சோன் பன்றி வறுவலைச் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தார்கள். நான் எண்ணெய்க் குப்பியோடு சுவர் ஓரம் நின்றேன், உதவியாளர் நிற்க வேண்டிய இடத்தில். அந்த மணிலா அம்மாள் உன்னைப் பார்த்து, "டாக்டர் டகூனோ, நிர்வாகத்துல இருந்துக்கிட்டே பட்டறையில பாடம் எடுக்குறவங்கள நாங்க பாத்ததே இல்ல. சின்னதா ஒரு மரை வெட்டிக் காட்டுங்களேன்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் எண்ணெய்க் குப்பியைப் பார்த்தேன்.

வெள்ளை பாரோங் சட்டையோடு போய் நின்றாய். இரும்பை வைத்தாய், இறுக்கினாய். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுச் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாய்.

இருபத்தேழு பிள்ளைகளும் ஒரே குரலில் "சாவி" என்று கத்தினார்கள். நான் சுவரில் இருந்த பெரிய சுவிட்சை இழுத்து அணைத்தேன். என் வகுப்பில் முதல் நாள் முதல் பாடம் அதுதான். சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, மாட்டியதைக் காட்டிவிட்டுத்தான் சுவிட்ச். அதை மறந்தவனை ஒரு வாரம் லேத் பக்கம் விட மாட்டேன். உன்னை விட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் கைதட்டினார். நீ பிள்ளைகளைச் சோதிப்பதற்காக வேண்டுமென்றே செய்தாய் என்று நினைத்துவிட்டார். "எவ்ளோ நல்ல பாதுகாப்புப் பயிற்சி" என்றார். நீ சிரித்தாய். அண்ணா, நீ சிரித்தாய். 'நன்றி' என்றும் சொன்னாய்.

நான் இழுக்காமல் விட்டிருந்தால் உன் தாடை போயிருக்கும். அந்த ஒரு நொடி விடலாமா என்று என் மனசு கேட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இசா

*

சாந்தா பிரிகிதா
30 மார்ச் 2009

இசா,

தேறிவிட்டோம். ஐந்து வளாகமும். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. சான் ரோமான் பட்டறைக்குத்தான் எல்லாவற்றிலும் அதிகப் புள்ளி. அறிக்கையில் உன்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: 'பட்டறை உதவியாளர் மிகுந்த விழிப்புடன் இருக்கிறார், பாராட்டுக்குரியவர்.' வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. பல்கலைக்கழகத்தின் முதல் முழுநேரத் தலைவர் பதவிக்கு என் பெயரை முன்மொழிந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் ஆட்சிக் குழு நேர்காணல். சான் ரோமான் பட்டறையில் எண்ணெய் போட்டவர் மகன் பல்கலைக்கழகத் தலைவர். அப்பா இருந்திருந்தால் ஊருக்கே இலையில் சுமான் பலகாரம் கட்டிக் கொடுத்திருப்பார்.

உன் விஷயம் நினைவில் இருக்கிறது. இப்போது கிளறினால் எல்லாம் சேர்ந்து கிளறும். கொஞ்சம் பொறு.

டெரியோ

*

சான் ரோமான் வளாகம்
15 ஜூன் 2009

பெறுநர்: முனைவர் எமெத்தேரியோ டகூனோ, துணைத் தலைவர் (திட்டம்)
வழி: துறைத் தலைவர், இயந்திரத் தொழில்
வழி: இயக்குநர், சான் ரோமான் வளாகம்
அனுப்புநர்: ஃபெலிசா டகூனோ, பட்டறை உதவியாளர்
பொருள்: பணியேற்பு

ஐயா,

பல்கலைக்கழகத்தின் புதிய பணியாளர் பட்டியல் இன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ஆய்வுக்குத் தந்த கோப்பைப் பார்த்தே பட்டியல் தயாரானதாக இயக்குநர் விளக்கினார். "நான் என்ன மேடம் பண்றது, அங்கேருந்து வந்தத அப்பிடியே ஒட்டுறேன்" என்றார். அதன்படி நான் பட்டறை உதவியாளர். ஆட்சிக் குழு முத்திரையுடன்.

'தாளில் மட்டும்' என்று தாங்கள் எழுதியது நினைவிருக்கும். தாள் இப்போது வெளியே வந்துவிட்டது.

பட்டியலில் கண்ட என் கடமைகள்: பட்டறையைக் கூட்டுதல், இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுதல், சாவிகளைப் பாதுகாத்தல். மூன்றையும் இன்று காலை ஏழு மணிக்கு முடித்துவிட்டேன். பாடம் நடத்துதல் அதில் இல்லை. அனுமதி இல்லாத வேலையை நான் செய்யலாகாது.

முதலாண்டு மாணவர் முப்பத்தொரு பேர். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழரைக்கு வகுப்பு. ஆசிரியர்: தாங்கள்.

15 ஜூன், திங்கள். மாணவர்: 31 பேர் வருகை. ஆசிரியர்: வரவில்லை.

ஃபெலிசா டகூனோ
பட்டறை உதவியாளர்

*

22 ஜூன் 2009
(பெறுநர், வழி, வழி: மேற்படி)

ஐயா,

17, 19, 22 ஜூன். மாணவர்: 31, 31, 30. ஆசிரியர்: வரவில்லை, வரவில்லை, வரவில்லை.

இயந்திரங்கள் பளபளப்பாக இருக்கின்றன. சாவி ஆணியில் தொங்குகிறது.

ஃபெலிசா டகூனோ
பட்டறை உதவியாளர்

மேலொப்பம், 23 ஜூன்: பார்த்து மேலே அனுப்பப்படுகிறது. துணைத் தலைவர் அவர்கள் தயவுசெய்து ஏதாவது செய்யவும். — வளாக இயக்குநர்

*

சாந்தா பிரிகிதா
26 ஜூன் 2009

இசா,

மிரட்டுகிறாயா?

உன் கடிதம் இரண்டும் இங்கே காப்பிக் கடை வரை பேச்சாகிவிட்டது. 'ஆசிரியர் வரவில்லை' என்று நான் தாழ்வாரத்தில் போகும்போது யாரோ முணுமுணுக்கிறான். எனக்கு எதிராக நிற்கிறவர் அதை நகல் எடுத்து வைத்திருக்கிறாராம். நேர்காணலுக்கு இன்னும் ஏழு வாரம். ஏழு வாரம் உன்னால் பொறுக்க முடியவில்லை.

பட்டியலில் உன் வரியைத் திருத்த வேண்டுமென்றால், ஏன் என்று ஆட்சிக் குழு கேட்கும். கோப்பில் இருந்தது பொய் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஆய்வு மறுபடி திறக்கும், ஐந்து வளாகத்துக்கும் சேர்த்து. ஒரு ஆளுக்காக ஐந்து வளாகமா?

இதைக் கேள். இங்கே சனி ஞாயிறு வகுப்பில் ஒரு முதுகலைப் பட்டம் இருக்கிறது. நீ வந்து உட்கார்ந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வருடமே நீ ஆசிரியர். அது வரை ஒரு விருது, 'முன்னோடி' என்று, கேடயத்தோடு. நிறுவன நாளில் மேடையில் தருகிறேன்.

உன் கோபத்துக்குப் பிள்ளைகளைப் பட்டினி போடாதே. கோபம் என் மேல் என்றால் என் மேல் காட்டு.

டெரியோ

*

சான் ரோமான்
6 ஜூலை 2009

அண்ணா,

உன் கேடயத்தை நீயே வைத்துக்கொள். கண்ணாடிப் பெட்டியில் இடம் இருக்கும்.

பட்டமும் வேண்டாம். இருபத்தாறு வருடம் எடுத்த பாடத்துக்கு, அந்தப் பாடமே தெரியாத ஒருவர் முன்னால் சனிக்கிழமை போய் உட்கார்ந்து, நீ 'பார்த்துக்கொண்டு' வாங்கித் தருகிற தாளை நான் வாங்க வேண்டுமா? எனக்கு அதுவும் உன் கையால்தானா?

பிள்ளைகள் விஷயத்தில் நீ சொன்னது சரி. வெள்ளிக்கிழமை காலை நான் பின்னால் எண்ணெய் டப்பா எடுக்கப் போனேன். ரொசால்வா என்று ஒரு பெண், மீனவர் மகள், "மேடம் எப்பவும் பேசாமத்தான் நிக்கப்போறாங்க, நாமளே பாத்துக்குவோம்" என்று சொல்லி லேத்தைப் போட்டிருக்கிறாள். அறுந்து வந்த இரும்புச் சுருளைக் கையால் இழுத்திருக்கிறாள். உள்ளங்கையில் ஏழு தையல். ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சாவிய எடுத்துட்டுத்தான் போட்டேன் மேடம், சீனியருங்க சொல்லிக்குடுத்தாங்க. கையால இழுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே?"

நான்தான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாள் ஜூன் பதினைந்து. அன்றைக்கு நான் எண்ணெய்க் குப்பியோடு சுவர் ஓரம் நின்று, உன்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தையலில் பாதி என்னுடையது. அதை உன் மேல் போட மாட்டேன். மீதிப் பாதியை நீ வைத்துக்கொள்.

இன்று காலையிலிருந்து வகுப்பு எடுக்கிறேன். உதவியாளர் என்ற பெயரில், உன் பெயருக்கு. இனி 'வழி' போட்டு எதுவும் அனுப்ப மாட்டேன். உன் நேர்காணலுக்கு என்னால் இடைஞ்சல் வராது. ஜெயித்துவிட்டாய், அண்ணா. நிம்மதியாகத் தலைவர் ஆகு.

எனக்கு எழுதாதே.

இசா

*

சாந்தா பிரிகிதா
10 ஆகஸ்ட் 2009

இசா,

எழுதாதே என்றாய். ஐந்து வாரம் எழுதவில்லை.

சென்ற வியாழக்கிழமை பதவிக்கான சுவரொட்டிக்குப் படம் எடுக்க ஒருவர் வந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அந்தக் கப்ளிங்கை என் கையில் கொடுத்து நிற்க வைத்தார். சும்மா பேச்சுக்கு, "சார், இந்த மரைய எப்பிடி சார் இவ்ளோ சீரா வெட்டுனீங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்லி மழுப்பலாம் என்று வாயைத் திறந்தேன். துண்டைப் பெட்டியில் திருப்பி வைத்தேன். முப்பத்து மூன்று வருடத்தில் அதை நான் கையில் எடுத்துப் பார்த்ததே அன்றுதான். படம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். ஆட்சிக் குழுவுக்கு. நேர்காணல் பத்தொன்பதாம் தேதி. 'வழி' என்ற இடத்தில் முதல் பெயர் உன்னுடையது. உன் மேலொப்பம் இல்லாமல் அது மேலே போகாது. நீ கிழித்துப் போட்டால் நான் கேட்க மாட்டேன். அப்படி ஒரு தாள் இருந்ததாகவே யாருக்கும் தெரியாது. கிழித்துப் போடுவாயோ என்று ஆசைப்படுகிற ஒருவன் எனக்குள் இன்னும் இருக்கிறான். அவனுக்காகவும்தான் உன் வழியாக அனுப்புகிறேன்.

டெரியோ

*

சாந்தா பிரிகிதா
10 ஆகஸ்ட் 2009

பெறுநர்: ஆட்சிக் குழு, தலாகன் மாநிலப் பல்கலைக்கழகம்
வழி: ஃபெலிசா டகூனோ, ஆசிரியர், லேத் பட்டறை, சான் ரோமான்
வழி: இயக்குநர், சான் ரோமான் வளாகம்
அனுப்புநர்: எமெத்தேரியோ டகூனோ
பொருள்: பதிவுகளில் திருத்தம்

ஐயா, அம்மையீர்,

ஆய்வுக் கோப்பின் 214ஆம் பக்கத்தில் லேத் பாடத்தின் ஆசிரியர் என்று என் பெயர் உள்ளது. அது பொய். அந்தப் பாடத்தை 1983 முதல் நடத்தி வருபவர் ஃபெலிசா டகூனோ. எழுதியது நான். அவருக்குத் தெரியாமல் எழுதினேன்.

முதன்மை வளாகத்தில் வைக்கப்பட்டுள்ள 1976ஆம் ஆண்டுக் கப்ளிங்கும் என் கைவேலை அல்ல. அதையும் அவரே கடைந்தார். எண்ணைக் குத்தியது மட்டும் நான். அதை வைத்து நான் பெற்ற தொழிற்பள்ளி டிப்ளமாவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

அதே ஆண்டு பிப்ரவரியில் மாணவர் பெலாயோ காயமடைந்தார். பட்டறை உதவியாளர் கிரிசோலோகோ டகூனோ கவனக்குறைவாகச் சாவியைச் சக்கில் விட்டதே காரணம் என்று பள்ளியின் பதிவேட்டில் உள்ளது. சாவியை விட்டது அவர் அல்ல. நான். என் தகப்பனார் அந்தப் பழியைத் தானாக ஏற்றார். அதன்பின் அவருக்குப் பதவி உயர்வு தரப்படவில்லை.

மூன்று பதிவுகளையும் திருத்தக் கோருகிறேன். தலைவர் பதவிக்கான முன்மொழிவிலிருந்து என் பெயரை விலக்கிக்கொள்கிறேன்.

எமெத்தேரியோ டகூனோ

*

சான் ரோமான்
12 ஆகஸ்ட் 2009

அண்ணா,

கண்டக்டர் உறையை வகுப்பு நடுவில் கொண்டுவந்து கொடுத்தார். வகுப்பை முடித்துவிட்டுத்தான் பிரித்தேன்.

சாவி விஷயம் எனக்குத் தெரியும். அப்பா சாகும்முன் சொன்னார். "அவனா சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். என் முதல் பாடம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? பதினோரு வருடமாக நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ பெலாயோவைப் பற்றி எழுதிய கடிதத்தில் 'யாரோ' என்று போட்டிருந்தாய். அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் உன்னை வெறுத்தேன். கோப்பைப் பார்த்தபோதுகூட அவ்வளவு இல்லை.

கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்க் கோப்பு.

இது மேலே போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். நீ போவாய். பட்டம் இல்லாத ஆசிரியர் என்று என் வரியைத் திருத்திவிட்டு, அந்தக் காரணத்துக்கே என்னையும் வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பட்டும். ஆசிரியர் என்று எழுதி அனுப்பட்டும். ரொசால்வாவின் கை ஆறிவிட்டது. திங்கட்கிழமை தன் முதல் மரையை வெட்டினாள், கோணல்தான், ஆனால் அவள் வெட்டியது. அதில் அவள் எண்ணைக் குத்தச் சொன்னேன்.

அந்தக் கப்ளிங்கைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பு. பிள்ளைகளுக்கு மாதிரி காட்ட எனக்கு வேண்டும்.

உன் தாளில் மேலொப்பம் போட்டு இயக்குநரிடம் கொடுத்துவிட்டேன். அவருடையதும் சேர்ந்த நகல் இதோடு இருக்கிறது.

இசா

*

முதல் மேலொப்பம், 12 ஆகஸ்ட் 2009: பார்த்தேன். மூன்றும் உண்மை. மேலே அனுப்புகிறேன்.
— ஃபெலிசா டகூனோ, ஆசிரியர்

இரண்டாம் மேலொப்பம், 12 ஆகஸ்ட் 2009: ஆசிரியர் டகூனோ அவர்கள் வழியாகப் பெற்று மேலே அனுப்பப்படுகிறது. இம்முறை முழுவதும் படித்தேன்.
— வளாக இயக்குநர்